வரைகலை லைப்ரரிக்கு டெஸ்டுகளை ஒழுங்குபடுத்துதல்: மெஷின் பார்க்க வேண்டியதும் கண் பார்க்க வேண்டியதும்

மண்சரிவு எச்சரிக்கை மூன்று நிறங்களில் வரும் என்பது மலையகத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள் என்று அறிவித்தால் அவதானமாக இருக்க வேண்டும், செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராக வேண்டும், சிவப்பு என்றால் இடத்தை விட்டுப் போய்விட வேண்டும். இந்த நிறங்களை ஒரு வரைபடத்தின் மேல் பாதி ஒளிபுகும்படி பூசும் வேலையை உங்கள் வரைகலை லைப்ரரி (மற்ற நிரல்கள் படம் வரையக் கூப்பிடும் கோட் தொகுப்பு) செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். செம்மஞ்சளுக்கு நீங்கள் வைத்த மதிப்பு சிவப்பு 255, பச்சை 191, நீலம் 0. ஆல்ஃபா, அதாவது நிறம் பின்னணியை எவ்வளவு மறைக்கிறது என்பதன் அளவு (0 முதல் 255 வரை), 128. பின்னணி வெள்ளை. சரியாகக் கலந்தால் 255, 223, 127 வரும். ஆனால் நிறத்தை ஆல்ஃபாவால் ஏற்கெனவே பெருக்கியாகிவிட்டது என்று நிரல் தப்பாக எடுத்துக்கொண்டால், பச்சையின் 191உடன் பின்னணியின் பங்கான 127 சேர்ந்து 318 ஆகி, 255இல் முட்டி நிற்கும். விடை 255, 255, 127. சுத்தமான மஞ்சள். இரண்டாம் கட்ட எச்சரிக்கை முதலாம் கட்டமாகிவிட்டது. நிரல் விழவில்லை, எர்ரர் எதுவும் வரவில்லை, படமும் பார்க்க அழகாகவே இருக்கிறது.

எது வர வேண்டும் என்று தெரியாத ஆளுக்கு இந்தப் பிழை கண்ணில் படாது. மெஷினோ கண் இமைக்கும் நேரத்தில் பிடித்துவிடும். இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. சின்ன தேர்மல் பிரிண்டரில் அடிக்கும் பில்லில் ‘பால்’ என்ற சொல்லின் புள்ளி கீழே உள்ள ‘ல’வோடு ஒட்டிக்கொண்டு ‘பால’ மாதிரித் தெரியும். லைப்ரரி கொடுத்த பிக்சல்கள் அத்தனையும் சரி, வாசிக்கத்தான் முடியவில்லை.

பலரும் டெஸ்டுகளை மூலநிரல் பிரிந்திருக்கும் மாதிரியே பிரிக்கிறார்கள்: கோடுகளுக்கு ஒரு ஃபோல்டர், எழுத்துக்கு ஒன்று, படங்களுக்கு ஒன்று. எனக்கு அது சரிப்படவில்லை. சரியா தப்பா என்று சொல்லப்போவது யார் என்பதை வைத்துப் பிரித்தால்தான் எது தானாக ஓட வேண்டும், எதற்கு ஆள் உட்கார வேண்டும் என்பது தெளியும். கீழே சொல்வது, ஹட்டனிலும் பண்டாரவளையிலும் வீட்டிலிருந்து வேலை செய்யும் நாலைந்து பேர் கொண்ட ஒரு குழு, சி மொழியில் எழுதிய ஒரு 2டி லைப்ரரியைப் பராமரிக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதியது. பெரிய கம்பெனிக்கும் பொருந்தும், ஆனால் அங்கே ஆள் பலம் வேறு.

படி 1: லைப்ரரி தரும் வாக்குறுதிகளை எழுதிப் பிரியுங்கள்

டெஸ்ட் எழுத உட்காருவதற்கு முன்னால், உங்கள் லைப்ரரி பயனருக்கு என்னென்ன செய்வதாகச் சொல்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். ‘நேர்கோடு வரையும்’ என்பது போதாது. ‘1 பிக்சல் அகலக் கோடு எந்தக் கோணத்திலும் இடையில் அறுபடாது’ என்பதுதான் டெஸ்ட் செய்யக்கூடிய வாக்கு. அப்புறம் ஒவ்வொன்றின் பக்கத்திலும் நாலில் ஒரு சொல்லைப் போடுங்கள்: எண், உறவு, படம், கண். விடையை எண்ணாகவே சொல்ல முடிந்தால் ‘எண்’. இரண்டு வழியில் வரைந்தால் ஒரே மாதிரி வர வேண்டும் என்றால் ‘உறவு’. சேமித்து வைத்த படத்தோடு ஒப்பிட்டால்தான் தெரியும் என்றால் ‘படம்’. மனிதர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றால் ‘கண்’.

ஒரு வாக்கு இரண்டு இடத்துக்கும் பொருந்தினால் இந்த வரிசையில் இடது பக்கம், அதாவது ‘எண்’ பக்கம், தள்ளுங்கள். எண்ணால் முடிவதைப் படமாக்காதீர்கள், படத்தால் முடிவதைக் கண்ணுக்கு விடாதீர்கள். முதல் முறை பிரிக்கும்போது பாதிக்கு மேல் ‘படம்’ என்றுதான் எழுதத் தோன்றும். இரண்டாம் முறை உட்கார்ந்தால் அதில் நிறைய இடதுபக்கம் நகர்ந்துவிடும்.

படி 2: எண் டெஸ்டுகள்

மேட்ரிக்ஸைத் தலைகீழாக்குவது, வளைவின் எல்லைப் பெட்டி, நிற மாற்றம், கிளிப் (வரையும் பரப்பை ஓர் எல்லைக்குள் வெட்டுதல்) கணக்கு இவற்றுக்கெல்லாம் பிக்சலே வேண்டாம். ஒரு ஃபங்ஷனை மட்டும் தனியாகச் சோதிக்கும் சாதாரண யூனிட் டெஸ்ட் போதும்.

நிறக் கலவையையும் இங்கேயே முடித்துவிடலாம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. போர்ட்டர், டஃப் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1984இல் வெளியிட்ட கட்டுரையில் வரும் 12 கலவை முறைகளைத்தான் இன்றும் பெரும்பாலான வரைகலை லைப்ரரிகள் அடிப்படையாக வைத்திருக்கின்றன. மூல ஆல்ஃபா 256 மதிப்பு, இலக்கு ஆல்ஃபா 256 மதிப்பு, ஆக ஒரு முறைக்கு 65,536 சேர்க்கை. 12 முறைக்கும் சேர்த்து 7,86,432. இன்றைய மடிக்கணினிக்கு இது ஒன்றுமே இல்லை. ஆகவே மாதிரிக்கு நாலு நிறம் எடுத்துப் பார்க்காமல் அத்தனை ஆல்ஃபா சேர்க்கையையும் ஓட்டுங்கள். எதிர்பார்க்கும் விடையை டபுள் துல்லியத்தில் தனியாகக் கணக்கிட்டு, 1க்கு மேல் விலகினால் தோல்வி என்று வையுங்கள். அந்தச் செம்மஞ்சள் பிழை இங்கேயே மாட்டிக்கொள்ளும்.

படி 3: உறவு டெஸ்டுகள்

இந்த வகைக்குத்தான் நான் அதிக நேரம் ஒதுக்கச் சொல்வேன், ஏனென்றால் சேமித்த படம் இல்லை, பராமரிப்பு இல்லை. ஒரே விடை வர வேண்டிய இரண்டு வரைதல்களைச் செய்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது, அவ்வளவுதான். மொஸில்லா பல காலமாக ஃபயர்ஃபாக்ஸை இப்படித்தான் சோதிக்கிறது. அவர்கள் இதை ரெஃப்டெஸ்ட் என்பார்கள்.

ஒரு படத்தை முழுதாக வரைவதும் 64 பிக்சல் துண்டுகளாக வரைந்து ஒட்டுவதும் ஒன்றாக வர வேண்டும். முழுப் பரப்புக்கும் கிளிப் போட்டு வரைவதும் கிளிப்பே போடாமல் வரைவதும் ஒன்று. செவ்வக ஃபங்ஷனால் வரைந்த செவ்வகமும், நாலு கோட்டை இணைத்து நிரப்பிய செவ்வகமும் ஒன்று. உருவத்தை 10 பிக்சல் வலதுபக்கம் நகர்த்தி வரைந்தால், விடையும் அப்படியே 10 பிக்சல் நகர வேண்டும். இந்தக் கடைசி டெஸ்டில் மட்டும் கொஞ்சம் கவனம்: உள்ளே நிலைப்புள்ளிக் கணக்கு (எண்ணின் புள்ளி ஒரே இடத்தில் நிற்பது) என்றால் பிட்டுக்குப் பிட்டு ஒத்துப்போகும். மிதவைப்புள்ளி (புள்ளி இடம் நகர்வது) என்றால் ஓரப் பிக்சல்களில் 1 வித்தியாசத்தை அனுமதியுங்கள்.

தமிழ் எழுத்துக்கு இதில் ஒரு நல்ல டெஸ்ட் கிடைக்கிறது. யூனிகோடில் ‘கொ’வை ககரமும் ஒகர உயிர்க்குறியும் என இரண்டு குறியீடாக எழுதலாம். ககரம், ஒற்றைக்கொம்பு, கால் என மூன்றாகவும் எழுதலாம். ‘கொட்டகலை’ என்று இரண்டு விதமாகவும் தட்டி வரைந்தால், ஒரு பிக்சல் கூட மாறக் கூடாது. ஒரு வடிவத்தில் மட்டும் புள்ளிவட்டம் (குறி ஒட்ட எழுத்து கிடைக்காதபோது வரும் வட்டம்) தோன்றினால் பிழை எங்கே என்று தேடவே வேண்டியதில்லை.

படி 4: படம் டெஸ்டுகள்

மிச்சம் இருப்பவற்றுக்கு மட்டும் குறிப்புப் படம் சேமியுங்கள். படம் சின்னதாக இருக்கட்டும்: 64க்கு 64, மிஞ்சினால் 200க்கு 200. ஒரு படத்தில் ஒரு விஷயம். எல்லா அம்சத்தையும் ஒரே படத்தில் திணித்தால், அது தோற்கும்போது எதனால் தோற்றது என்று தெரியாது. சின்னப் படத்துக்கு இன்னொரு நன்மையும் உண்டு: மழை நாளில் தடுமாறும் இணைப்பில், டேட்டாவை எண்ணிச் செலவழிக்கும் புதிய ஆள் கோட் தொகுப்பை இறக்கும்போது மலைத்துப்போக மாட்டார்.

சேமிப்பது பிஎன்ஜியில் மட்டும். ஜேபெக் இழப்புச் சுருக்கம் என்பதால் அந்தப் பக்கமே போகாதீர்கள். ஒப்பிடும்போது ஃபைலின் பைட்டுகளை ஒப்பிடாதீர்கள், படத்தை விரித்துப் பிக்சல்களை ஒப்பிடுங்கள். சுருக்கும் லைப்ரரியின் பதிப்பு மாறினாலே பைட்டுகள் மாறிவிடும்.

பெயர் வைப்பதில் கெய்ரோ என்ற 2டி வரைகலை லைப்ரரியின் வழக்கம் எனக்குப் பிடித்தது. டெஸ்டின் பெயர், பேக்எண்டின் (உள்ளே உண்மையில் வரைந்து தரும் பகுதி) பெயர், பிக்சல் வடிவம் மூன்றும் குறிப்புப் படத்தின் பெயரிலேயே வரும். பொதுவான படம் ஒன்று இருக்கும். ஒரு பேக்எண்டுக்கு மட்டும் வேறு விடை வருவது நியாயம் என்றால், அதற்குத் தனிப் படம் சேரும். என் கூடுதல் நிபந்தனை: தனிப் படம் சேர்ப்பவர் ஏன் வேறுபடுகிறது என்று ஒரு வரி எழுத வேண்டும். இல்லையென்றால் பிழைகளுக்கெல்லாம் தனிப் படம் முளைத்து, எல்லாம் பச்சையாக, அதாவது தேறியதாக, தெரியும்.

இனி ஒப்பீட்டின் அளவுகோல். சராசரி வித்தியாசத்தை எடுப்பதுதான் பலர் முதலில் செய்வது, அது ஆபத்து. 200க்கு 200 பிக்சல் சாம்பல் படத்தில் (பிக்சலுக்கு ஒரே எண்: 0 கருப்பு, 255 வெள்ளை), 50 பிக்சல் நீளக் கருப்புச் சமவுயரக் கோடு ஒன்று மொத்தமாகக் காணாமல் போனது என்று எடுத்துக்கொள்ளுங்கள், பின்னணி வெள்ளை. வித்தியாசம் 50 பெருக்கல் 255, அதை 40,000ஆல் வகுத்தால் 0.32. ‘சராசரி 1க்குள் இருந்தால் சரி’ என்ற விதியில் இது ஜாலியாகத் தேறிவிடும். மலைநாட்டு வரைபடத்தில் சமவுயரக் கோடு போனால் அப்புறம் என்ன மிஞ்சும்?

ஆகவே இரண்டு எண்கள் வையுங்கள்: எந்தப் பிக்சலிலும் அனுமதிக்கும் அதிகபட்ச விலகல், விலகலாம் என்று விடும் பிக்சல்களின் எண்ணிக்கை. பிரவுசர்களுக்கான பொதுச் சோதனைத் தொகுப்பான வெப் பிளாட்ஃபார்ம் டெஸ்டுகளும் இந்த இரண்டையும்தான் கேட்கின்றன. ஓரங்களில் 2 வரை விலகினால் எத்தனை பிக்சல் என்றாலும் பரவாயில்லை, 255 விலகிய பிக்சல் ஒன்று இருந்தாலும் தோல்வி. இந்த எண்களை டெஸ்டுக்கு டெஸ்ட் வையுங்கள், தொகுப்பு முழுவதுக்கும் ஒரே எண் வேண்டாம்.

விலகல் எங்கிருந்து வருகிறது என்றும் தெரிந்திருக்க வேண்டும். 64 பிட் ஏஆர்எம் சிப்பில் பெருக்கலையும் கூட்டலையும் ஒரே கட்டளையாகச் செய்யும் வசதி எப்போதும் இருக்கிறது, ஜிசிசி கம்பைலர் அதை இயல்பாகவே பயன்படுத்தும். அடிப்படை 64 பிட் எக்ஸ்86இல் அந்தக் கட்டளை இல்லை. ரவுண்ட் செய்யும் இடம் மாறுவதால் கடைசி இலக்கம் ஆடும். அது பிழை அல்ல. அதற்காக எல்லாவற்றையும் ‘இது சிப் வித்தியாசம்’ என்று தள்ளிவிடவும் கூடாது.

குறிப்புப் படத்தை மாற்றும்போது பழையது, புதியது, வித்தியாசம் மூன்றையும் பக்கத்தில் வைத்து இன்னொருவர் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லாப் படத்தையும் ஒரே கட்டளையில் புதுப்பிக்கும் வசதி உங்கள் கருவியில் இருந்தால் எடுத்துவிடுங்கள். கூகுளின் ஸ்கியா வரைகலை லைப்ரரிக் குழு இதற்கென்றே கோல்ட் என்ற தளத்தை வைத்து, ஒவ்வொரு புதுப் படத்தையும் ஏற்கலாம், கூடாது என்று ஆள் பார்த்துக் குறிக்கிறது. நமக்கு அவ்வளவு பெரிய தளம் தேவையில்லை, ஒரு எச்டிஎம்எல் பக்கம் போதும்.

படி 5: எழுத்தைத் தனியாக வையுங்கள்

படம் டெஸ்டுகளில் அதிகம் தொல்லை தருவது எழுத்து. ஆளுக்கு ஆள் ஃபான்ட் வேறு, ஃபான்டை வரையும் ஃப்ரீடைப் லைப்ரரியின் பதிப்பு வேறு, ஹின்டிங் (எழுத்தின் கோடுகளைப் பிக்சல் கட்டத்தோடு பொருத்துவது) அமைப்பு வேறு. சிஸ்டத்தில் உள்ள ஃபான்டை நம்பவே வேண்டாம். நோட்டோ சான்ஸ் தமிழ் போலத் திறந்த உரிமம் உள்ள ஒன்றை டெஸ்டோடு சேர்த்தே வையுங்கள். ஹின்டிங்கை அணையுங்கள், ஓரங்களைச் சாம்பலால் மென்மையாக்குவதை மட்டும் வைத்திருங்கள்.

பிறகு வேலையை இரண்டாக வெட்டுங்கள். முதல் பாதி ஷேப்பிங், அதாவது எந்த எழுத்துருவம் எங்கே வரும் என்று தீர்மானிப்பது: அதைச் செய்யும் ஹார்ஃபஸ் லைப்ரரி தரும் க்ளிஃப் (ஃபான்டில் உள்ள எழுத்துருவம்) எண்களும் இடங்களும் சரியா என்பது வெறும் எண் டெஸ்ட். இரண்டாம் பாதி, அந்த க்ளிஃபை வரைவது. இப்படி வெட்டிவிட்டால், தோல்வி வரும்போது எழுத்து இடம் மாறியதா, எழுத்தின் உருவம் மாறியதா என்று உடனே தெரியும்.

சோதனைச் சொற்களை அகராதியில் தேட வேண்டாம், பதுளை ரயிலில் ஏறினால் போதும். கொட்டகலையில் கொம்பு ககரத்துக்கு முன்னாலும் கால் பின்னாலும் வர வேண்டும். தலவாக்கலை, ஹப்புத்தளை, பதுளை மூன்றிலும் ஐகாரக்குறி எழுத்துக்கு முன்னால் வர வேண்டும். ‘நானுஓயா’வில் சொல்லின் நடுவில் உயிரெழுத்து. ‘சிவனொளிபாதமலை’ நீளத்துக்கும் வரி உடைப்புக்கும். ரயில் நிலையப் பலகைகளில் மூன்று மொழியும் இருப்பது போலவே உங்கள் டெஸ்டிலும் ஒரே வரியில் மூன்றும் இருக்கட்டும். சிங்களத்தில் ‘ஸ்ரீ’ எழுத நடுவில் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறியீடு ஒன்று வேண்டும். ‘வெற்றிடம்தானே’ என்று அதை யாராவது நறுக்கினால் எழுத்து பிரிந்து நிற்கும். தமிழுக்கு மட்டும் டெஸ்ட் எழுதினால் இது மாட்டாது.

படி 6: விழுகிறதா?

அகலம் 0, எதிர்மறை உயரம், எண்ணே அல்லாத மதிப்பு, பாதியில் வெட்டுப்பட்ட பிஎன்ஜி, கெட்டுப்போன ஃபான்ட். விடை என்ன வருகிறது என்பது முக்கியமில்லை, நிரல் விழக் கூடாது, நினைவகத்தில் எல்லை தாண்டக் கூடாது. நினைவக எல்லை மீறலைக் காட்டிக்கொடுக்கும் அட்ரஸ் சானிட்டைசரோடு கம்பைல் செய்து ஓட்டுங்கள். கிடைத்த ஒவ்வொரு கெட்ட ஃபைலையும் ஒரு ஃபோல்டரில் சேர்த்துவையுங்கள், ஃபஸ்ஸிங் (உள்ளீட்டைத் தாறுமாறாக மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்ப்பது) தொடங்கும்போது அதுதான் விதை.

படி 7: எப்போது, எங்கே ஓட்டுவது

மூன்று தொகுப்பாக லேபிள் ஒட்டுங்கள். டெஸ்ட் ஓட்டும் கருவிகளான சிடெஸ்ட், மெஸான் இரண்டிலும் இதற்கு வசதி இருக்கிறது. முதல் தொகுப்பில் எண், உறவு, முக்கியப் படங்கள். எழுதுபவரின் கணினியிலேயே, தேநீர் ஊற்றி வருவதற்குள் முடிய வேண்டும். ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) பேக்எண்ட் இருந்தால், திறந்த மூல டிரைவர் தொகுப்பான மெஸாவின் எல்எல்விஎம்பைப் போன்ற மென்பொருள் ரெண்டரரில் ஓட்டுங்கள். யார் கணினியில் ஓடினாலும் கிட்டத்தட்ட ஒரே விடை வரும். இரண்டாவது தொகுப்பு இரவில், உண்மையான கிராபிக்ஸ் கார்டில், எல்லாப் படங்களோடும். பெரிய ஃபைல்களை இறக்குவதும் இரவு டேட்டாவில் போகட்டும். மூன்றாவது, கண் பார்க்க வேண்டியவை (படி 8), வெளியீட்டுக்கு முன் மட்டும். வேக அளவீட்டை இவை எதிலும் கலக்காதீர்கள். அது வேறு எதுவும் ஓடாத ஒரு கணினியில் தனியாக ஓட வேண்டும்.

ஒவ்வொரு டெஸ்டையும் தனிப் பிராசஸில் ஓட்டி, முடிந்தவுடன் விடையை டிஸ்கில் எழுதிவிடுங்கள். தென்மேல் பருவமழையில் ஹட்டன் பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர முடியாவிட்டால், இரவு ஓட்டம் என்று ஒன்று இருந்தும் பயனில்லை.

விடையும் சரி, தப்பு என்று இரண்டோடு நிற்கக் கூடாது. ஓபன்ஜிஎல் டிரைவர்களைச் சோதிக்கும் பிக்லிட்டில் தேறியது, தோற்றது, விழுந்தது, தவிர்த்தது எல்லாம் தனித்தனி நிலை. தவிர்த்ததைத் தேறியதோடு சேர்த்து எண்ணும் அறிக்கையை நம்பாதீர்கள். தோற்கும் என்று தெரிந்த டெஸ்டுகளுக்கு ஒரு பட்டியல் வையுங்கள், பக்கத்தில் காரணமும் பொறுப்பாளரும். அந்தப் பட்டியலில் உள்ளது திடீரென்று தேறினாலும் சத்தம் போட வேண்டும், ஏதோ மாறியிருக்கிறது என்று அர்த்தம். ஒரு தரம் தேறி ஒரு தரம் தோற்கும் டெஸ்டைத் தேறும்வரை திரும்பத் திரும்ப ஓட்டும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. பெரும்பாலும் அது மதிப்பு வைக்காமலே வாசித்த நினைவகம் அல்லது த்ரெட் சண்டை (ஒரே நேரத்தில் ஓடும் பகுதிகள் ஒரே இடத்தை மாற்றுவது). ஒதுக்கி வைத்துவிட்டு நினைவகப் பிழைகளைத் தேடும் வால்கிரைண்டில் போட்டுப் பாருங்கள்.

படி 8: கண் டெஸ்டுகளுக்கு அட்டைகள்

இப்போது மிஞ்சுவது உண்மையிலேயே மனிதர் பார்க்க வேண்டியவை: இழுக்கும்போது வரைபடம் மினுமினுக்கிறதா, திரை நடுவில் கிழிகிறதா, 125 சதவீத அளவில் கோடுகள் மங்குகின்றனவா, மலிவான போனில் பத்து நிமிடம் சுற்றிய பிறகு சூடாகித் திணறுகிறதா, அச்சில் வாசிக்க முடிகிறதா. இது நீளப் பட்டியலாக இருந்தால் முதல் படிக்குத் திரும்பிப் போங்கள்.

ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை. ‘தமிழ் சரியாக வருகிறதா பார்க்கவும்’ என்று எழுதினால், பார்ப்பவர் ‘வருது அண்ணே’ என்று ஒரு டிக் போட்டுவிட்டுப் போய்விடுவார். அட்டையில் பிழை எப்படித் தெரியும் என்று எழுதியிருக்க வேண்டும். பில் அட்டை இப்படி இருக்கலாம்:

சாதனம்: 58 மில்லிமீட்டர் தாள் போடும் தேர்மல் பிரிண்டர், 203 டிபிஐ. அச்சாகும் அகலம் 384 புள்ளி.
செய்வது: மாதிரி பில்லை மிகச் சிறிய எழுத்தளவிலும், அடுத்த அளவிலும் அடிக்கவும். தாளைக் கையில் பிடித்து, சாதாரண அறை வெளிச்சத்தில், சத்தமாக வாசிக்கவும்.
தேறுவது: பால், கல், பருப்பு, தேங்காய்ப்பூ நான்கையும் தடுமாறாமல் வாசித்தால்.
தோற்பது: மேலே உள்ள புள்ளி எழுத்தோடு ஒட்டினால், ‘ண’வின் சுழிகள் அடைந்தால், கடைசி எழுத்து ஓரத்தில் வெட்டுப்பட்டால்.
நேரம்: 5 நிமிடம். அடித்த தாளைத் தேதியோடு ஒட்டி வைக்கவும்.

தேர்மல் தாள் நாளடைவில் மங்கும் என்பதால் ஒரு ஸ்கேனும் எடுத்து வையுங்கள்.

திரையில் இரண்டு படத்தை ஒப்பிட வேண்டுமென்றால் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள், ஒரே இடத்தில் மாற்றி மாற்றிக் காட்டுங்கள். அசைவைக் கண் உடனே பிடிக்கும். 1930இல் கிளைட் டோம்போ புளூட்டோவைக் கண்டுபிடித்ததும் இரண்டு வானப் படங்களை இப்படி மாற்றி மாற்றிப் பார்த்துத்தான்.

அட்டையைத் தொடங்கும் முன் திரையைச் சரிபாருங்கள். இரவு வெளிச்ச முறை, தானாக மாறும் பிரகாசம் இரண்டையும் அணைக்கவும். ஒரு பிக்சல் கருப்பு, ஒரு பிக்சல் வெள்ளை என்ற சதுரக் கட்டத்தை வரைந்து, பக்கத்தில் 188 மதிப்புச் சாம்பலையும் 128 மதிப்புச் சாம்பலையும் வையுங்கள். நாலடி தள்ளி நின்று பார்த்தால், எஸ்ஆர்ஜிபி (வழக்கமான நிறத் தரம்) திரையில் கட்டம் 188ஓடு ஒத்துப்போகும். கட்டத்தில் அலை அலையாக ஏதாவது தெரிந்தால், திரை படத்தை நீட்டிச் சுருக்குகிறது என்று அர்த்தம். அந்தத் திரையில் கோடு பற்றிய தீர்ப்பு செல்லாது.

கோட் எழுதியவரே அட்டையில் கையெழுத்துப் போடக் கூடாது. ஆள் இல்லையென்றால் வீட்டில் இருக்கும் தங்கச்சியைக் கூப்பிடுங்கள், நல்ல அட்டை என்றால் அவருக்கும் புரிய வேண்டும். விடைகளில் ‘முடிவு சொல்ல முடியவில்லை’ என்ற இடமும் இருக்கட்டும். அது அடிக்கடி விழும் அட்டையைத் திருத்தி எழுதுங்கள். சாதனம், டிரைவர் பதிப்பு, திரை அளவு விகிதம் மூன்றும் விடையோடு பதிய வேண்டும்.

கண் ஒரு பிழையைப் பிடித்தால், அதைத் திருத்துவதற்கு முன் ஒரு கேள்வி: இதை இடதுபக்கம் தள்ள முடியுமா? மினுமினுப்பு, ஒரு ஃபிரேமில் மட்டும் துண்டு ஒன்று வரையப்படாததால் வருகிறது என்று தெரிந்தால், அது உறவு டெஸ்ட். முடிந்ததும் அட்டையைக் கிழித்துவிடலாம்.

படி 9: வெளியீட்டு நாள்

முதலில் இரவுத் தொகுப்பு முழுப் பச்சையாக இருக்க வேண்டும். அப்புறம்தான் அட்டைகள். தானாக ஓடும் டெஸ்ட் தோற்ற நிலையில் கண்ணை வேலை வாங்குவது வீண், திருத்திய பிறகு மறுபடி பார்க்க வேண்டிவரும். அட்டைகளைச் சாதனம் வாரியாக அடுக்குங்கள், அம்சம் வாரியாக அல்ல: போனைக் கையில் எடுத்தால் போன் அட்டைகள் எல்லாம் முடிந்துவிட வேண்டும். பண்டாரவளையில் இருப்பவரிடம் பிரிண்டர் இருந்தால் அச்சு அட்டைகள் முழுவதும் அவரிடம் போகட்டும்.

நேரம் போதாவிட்டால் என்ன விடுவது என்பதையும் முன்கூட்டியே எழுதி வையுங்கள். போன வெளியீட்டிலிருந்து அந்தப் பகுதியின் கோட் மாறவே இல்லை என்றால் அதன் அட்டையை விடலாம், ‘தவிர்த்தது’ என்று பதிந்துவிட்டு. நிறம், அச்சு, புதிய ஃபான்ட் பதிப்பு இந்த மூன்றையும் தொட்டிருந்தால் விடக் கூடாது. கடைசியாக, அந்த வெளியீட்டின் குறிப்புப் படங்கள், அட்டை விடைகள், பயன்படுத்திய ஃபான்டுகள் எல்லாவற்றுக்கும் ஜிட்டில் (கோட் வரலாற்றைச் சேமிக்கும் கருவி) ஒரே டேக் (பெயர்க்குறி) போடுங்கள். அடுத்த வருடம் யாராவது பழைய பதிப்பில் நிறம் வேறு மாதிரி இருந்தது என்று எழுதும்போது, அந்த டேக்கைத் திறந்து இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிக் காட்டிப் பார்த்துவிட்டுப் பதில் எழுதலாம்.